விளங்கேல்லை என்று சொன்னவர்

எங்கள் பக்கத்தில் எதைக் கேட்டாலும் பதில் இல்லாமல் திரும்பி வரத் தேவையில்லை. பேருந்து ஏன் பிந்துகிறது, வெங்காயம் ஏன் அழுகுகிறது, பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு ஏன் விசா கிடைக்கவில்லை, எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்த ஒருவர் சந்தியில் நிற்பார். நானும் அந்த இனத்தைச் சேர்ந்தவள்தான். யாழ்ப்பாணத்தில், மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் வீட்டிலேயே கணித ரியூசன் கொடுக்கிறேன். தெரியாது என்று சொன்னால் பிழைப்புப் போய்விடும். அதனால்தானோ என்னவோ, எங்கள் வீட்டுக் கணினியைத் திருத்த வந்து, முதல் நாளே என் முகத்தை நேராகப் பார்த்து "எனக்கு விளங்கேல்லை ரீச்சர்" என்று சொன்ன அந்த மனிதரை என்னால் மறக்க முடியவில்லை.

அதை அவர் சொல்லும் விதம் ஒன்று இருந்தது. தலையைச் சொறிய மாட்டார், மன்னிப்புக் கேட்கும் குரலும் வராது. சாப்பிட்டீர்களா என்று கேட்டால் ஓம் என்று சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொல்வார். சொல்லிவிட்டு அம்மா கொடுத்த தேநீரை, பனங்கட்டியைக் கடித்துக் கடித்து, ஆறுதலாகக் குடிப்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

வீடுகளுக்கும் கடைகளுக்கும் கண்காணிப்புக் கமராப் பூட்டுவதுதான் அவருடைய வேலை. கணினி திருத்துவது பக்கத் தொழில். வயது நாற்பதை ஒட்டி இருக்கும் என்பது என் ஊகம். அம்மா ஒருநாள் வேறு ஏதோ கணக்கை மனதில் வைத்துக்கொண்டு வயதைக் கேட்டபோது, "அதிலையும் கொஞ்சம் குழப்பம் இருக்குது அம்மா. இடம்பெயரேக்கை பிறப்புப் பத்திரம் துலைஞ்சு, பேந்து எடுத்ததிலை வேற திகதி. எது சரியெண்டு எனக்கு விளங்கேல்லை" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அந்தக் கதை அத்தோடு முடிந்தது.

கணினி என் தம்பியுடையது. விளையாடுவதற்கென்றே ஒவ்வொரு பாகமாக வாங்கிப் பூட்டியது. பக்கம் கண்ணாடி, உள்ளே கலர் கலராக வெளிச்சம், லொறி ஓட்டும் விளையாட்டுக்கென்று தனியாக ஒரு ஸ்ரியரிங்கும் காலுக்கு மிதிகளும். அவன் கனடாவுக்குப் போனபோது இதையெல்லாம் பெட்சீற்றால் மூடி, தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். பிறகு அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது.

அப்பா லொறிச் சாரதி. வலிகாமத்து வெங்காயத்தையும் புகையிலையையும் ஏற்றிக்கொண்டு கண்டி வீதியால் கொழும்புக்கு ஓடியவர். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சும் போய், "ஓம்" என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. கையை அசைக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தை அவர் முற்றத்தில் எறிந்துவிட்டார். கையை இப்படியே விட்டால் இறுகிவிடும், பிறகு ஒன்றும் செய்ய இயலாது என்று பயிற்சி கொடுக்கிற பிள்ளை எச்சரித்தது. அப்போதுதான் தம்பி தொலைபேசியில், "அக்கா, அப்பாவை என்ரை லொறிக் கேமிலை ஒருக்கா இருத்திப் பார்" என்றான்.

எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. ஆனால் அப்பா அந்த ஸ்ரியரிங்கைக் கண்டதும் கதிரையை முன்னுக்கு இழுத்தார். வலது கையை இடது கையால் தூக்கி அதன்மேல் வைத்தார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திரையில் இங்கிலாந்துச் சாலை விரிந்தது. அங்கேயும் எங்களைப் போல இடது பக்கம்தான் ஓடுவார்கள் என்பதால் தம்பி அதைத் தெரிவு செய்திருந்தான். அப்பா ஓட்டினார். ஒரு மாதத்துக்குள் அந்தக் கைவிரல்கள் தாமாகவே மடிந்து பிடிக்கத் தொடங்கின. அம்மா அடுப்படிக்குள் போய் நின்று அழுதார்.

பிறகுதான் கணினி நிற்கத் தொடங்கியது. ஓடிக்கொண்டிருந்த திரை திடீரென்று கறுக்கும். கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்ப இயங்கி, ஒன்றும் நடவாததைப் போலத் தம்பியின் படத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். சில நாட்களில் நிற்காது. சில நாட்களில் வெகுநேரம் ஓடிவிட்டு நிற்கும். கணக்குப் படிப்பிக்கிற எனக்கு அதில் ஒரு ஒழுங்கும் பிடிபடவில்லை.

கணினி நிற்பதைவிட அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. திரை கறுத்ததும் அப்பா ஸ்ரியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். "நான்தான்" என்பார். நோய் வந்த பிறகு அவருக்குத் திரும்பி வந்த முதல் வார்த்தை அது. "இல்லையப்பா, மிசின் பிழை" என்று நாங்கள் மாறி மாறிச் சொல்வோம். தலையை ஆட்டி, திரும்பவும் "நான்தான்" என்பார். பிறகு சாப்பிடவும் மாட்டார், நாள்கணக்கில் அந்தக் கதிரைப் பக்கம் போகவும் மாட்டார். மடியில் கிடக்கிற கை கொஞ்சம் கொஞ்சமாக முந்திய நிலைக்குப் போவதை நான் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும்.

சும்மா இருக்கவில்லை. ரவுணில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பவர் சப்ளைதான், சந்தேகமே இல்லை என்று மாற்றித் தந்தார்கள். நின்றது. இன்னொரு இடத்தில் றாம் என்றார்கள், அதையும் மாற்றினோம். நின்றது. என்னுடைய பழைய மாணவன் ஒருவன் வைரஸ் என்று அடித்துச் சொல்லி எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போட்டான். அதற்கும் நின்றது. பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு வெளிச்சம் போடுகிற சாமானுக்குக் கண்ணூறு படாமல் என்ன செய்யும் என்று ஒரு தேசிக்காயைக் கட்டித் தொங்கவிட்டார். எல்லோருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது. கணினிக்குத்தான் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் இவர் வந்தார். மடிப்புக் குலையாத நீளக்கைச் சேட்டு, கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை, தோளில் கறுப்புப் பை. சப்பாத்தைக் கழற்றி, காலுறையைச் சுருட்டி உள்ளே வைத்து, இரண்டையும் சோடியாகச் சுவரோரம் வைப்பதற்கே கொஞ்ச நேரம் எடுத்தார். பெட்டியைத் திறப்பார் என்று பார்த்தால், கதிரையில் இருந்துகொண்டு விசாரிக்கத் தொடங்கினார்.

"கடைசியா நிக்கேக்கை ஐயா என்ன செய்துகொண்டு இருந்தவர்?"

"ஓடிக்கொண்டிருந்தவர்" என்றேன்.

"நீங்கள் கண்டனீங்களோ?"

"அடுத்த அறையிலை வகுப்பு. எனக்குத் தெரியும்தானே, அவர் இருந்தா ஓடுவார்."

"அப்ப நீங்கள் காணேல்லை" என்றார். குற்றம் சொல்லவில்லை, குறித்துக்கொள்ளும் குரல். எனக்குச் சுள்ளென்றது.

ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். ஒரே கேள்வியை என்னிடம் ஒருதரம், அம்மாவிடம் ஒருதரம், அப்பாவிடம் ஒருதரம் கேட்பார். ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொல்ல விடமாட்டார். அப்பாவிடம் கேட்டுவிட்டு, பதில் வராது என்று தெரிந்தும், வரக்கூடிய அளவு நேரம் காத்திருப்பார். பெட்டியைத் திறந்து பாகங்களைப் பழைய பத்திரிகையில் பரப்புவார். கைராசி என்றும் சொல்லமுடியாது. ஒருநாள் உள்ளே இருக்கிற ஃபான் ஒன்றின் வயரைக் கொழுவ மறந்துபோய், கணினி உழவு இயந்திரத்தைப் போலக் கத்தியது. அதற்கும் அவர் கலவரப்படவில்லை.

ஒருமுறை அவர் மேசைக்குக் கீழே கிடந்து வயர் பார்த்துக்கொண்டிருக்க, அடுத்த அறையில் எனக்கு வகுப்பு. ஒருங்கமை சமன்பாடு படிப்பித்து முடித்து, வழக்கம்போல "விளங்கிச்சோ?" என்றேன். "ஓம் ரீச்சர்" என்று முழு வகுப்பும் சொன்னது. மேசைக்குக் கீழேயிருந்து, "எனக்கு விளங்கேல்லை" என்று ஒரு குரல் வந்தது. பிள்ளைகள் சிரித்து விழுந்தார்கள். வீம்புக்கு அவரைக் கூப்பிட்டு இருத்தித் திரும்பவும் விளக்கினேன். விளங்கவில்லை. இன்னொருமுறை விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "ரீச்சருக்கு நல்லா விளங்கியிருக்குது. அது தெரியுது" என்றார். அந்தக் கிழமையிலிருந்து வகுப்பில் விளங்கேல்லை, விளங்கேல்லை என்று கைகள் உயரத் தொடங்கின. பாடத்திட்டம் பிந்திப்போனதற்கு முழுப் பொறுப்பும் அவருடையதுதான்.

அவரிடம் ஒரு சோதனை நிரல் இருந்தது. அதைப் போட்டால் கணினி தன் முழுப் பலத்தையும் கொடுத்து வேலை செய்யவேண்டும். பின்னேரம் முழுக்க அதை ஓடவிட்டுப் பார்த்தார். பெட்டி சுட்டது, ஃபான்கள் இரைந்தன, கணினி நிற்கவில்லை. எனக்குச் சந்தோசம். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"நல்லாத்தானே வேலை செய்யுது?" என்றேன்.

"ஓம். அதுதான் பிரச்சினை. இவ்வளவு அடிச்சும் நிக்காதது ஐயாவுக்கு மட்டும் ஏன் நிக்குது?"

அவருடைய இந்தக் குணம் எனக்குச் சில நேரம் பயமாகவும் இருந்தது. எங்களைப் போன்றவர்கள் ஏதாவது ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு படுத்துத் தூங்கிவிடுவோம். இவர் எதையும் பிடிக்காமல் வெறுங்கையோடு நிற்கிறாரே, இவருக்கு நித்திரை வருமா என்று யோசித்திருக்கிறேன். அம்மாவுக்கோ அவரில் அளவில்லாத பட்சம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கறி ஒன்று கூடியது அவரால்தான்.

ஒரு ஞாயிறு அவர் பையைத் திறக்கவே இல்லை. அப்பாவின் இடது பக்கத்தில் ஒரு ஸ்ரூலைப் போட்டு இருந்துகொண்டார்.

"பாத்துக்கொண்டு இருக்கிறதுக்கோ வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஓம் ரீச்சர். நான் வந்தா உடனை பெட்டியைக் கழட்டிப்போடுவன். ஐயா ஓடி நான் ஒருநாளும் பாக்கேல்லை."

அப்பா ஓட்டினார். நானும் கதவோரம் நின்றேன். உண்மையைச் சொன்னால், தொடக்கத்திலிருந்து முடியும்வரை நானும் அன்றுதான் பார்த்தேன். நல்ல தூரம் போனபிறகு அப்பா வேகத்தைக் குறைத்தார். இடது பக்கம் சமிக்ஞை போட்டு, ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். ஸ்ரியரிங்கிலிருந்து கைகளை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். சுற்றிலும் இங்கிலாந்து மழை, வேலிக்கப்பால் செம்மறி ஆடுகள். வேறொன்றும் அங்கே இல்லை.

"ஏன் நிப்பாட்டினவர்?" என்று இவர் மெதுவாகக் கேட்டார்.

"களைப்பு" என்றேன் உடனே.

"ஐயாவைக் கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. நான் வாயைத் திறக்குமுன் அடுப்படியிலிருந்து அம்மா, "முறிகண்டி" என்றார். தேங்காய் துருவியபடியே, எல்லோருக்கும் தெரிந்த விசயத்தைச் சொல்வதைப் போலச் சொன்னார். "உவ்வளவு தூரம் ஓடினால் முறிகண்டி வருந்தானே. பிள்ளையாரிட்டை நிக்காமல் அவர் ஒருநாளும் போனதில்லை."

கண்டி வீதியால் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போகும். நானும் எத்தனையோ தரம் அங்கே இறங்கிக் கச்சான் கடலை வாங்கியிருக்கிறேன். ஆனால் அப்பா இங்கிலாந்துச் சாலையிலும் அதே கணக்கில் நின்றுகொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை, அதனால் அவரும் சொல்லவில்லை. களைத்த நாட்களில் அப்பா அவ்வளவு தூரம் போகமாட்டார். அந்த நாட்களில் கணினியும் நிற்காது.

நாங்கள் இதைக் கதைத்துக்கொண்டிருக்கத் திரை கறுத்தது.

அப்பா கண்ணைத் திறந்தார். சாலை இல்லை. கும்பிட்டு முடித்துக் கண்ணைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் அவருக்கு முன்னால் இருட்டுத்தான் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளையார் தன்னை வேண்டாமென்று சொல்லிவிட்டார் என்று அவர் நினைத்திருப்பாரோ? "நான்தான்" என்றார் அப்பா.

இவர் மட்டும் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா சொல்லுறது சரி" என்றார். நான் முறைத்தேன். "இல்லை ரீச்சர், ஐயா கையை எடுத்தாப்போலைதான் நிண்டது. ஓடேக்கை நிக்கேல்லை. ஓய்ஞ்சு இருக்கேக்கை நிக்குது."

ஸ்ரியரிங்கைத் தொடாமல் விட்டால் விளையாட்டுத் தானாக இடைநிறுத்தம் ஆகும்படி தம்பி அமைத்திருந்தான். அந்த நேரத்தில் கணினிக்கு வேலை இல்லை. நாங்கள் மற்ற நேரங்களில் அதைச் சும்மா விட்டதே கிடையாது. அப்பா எழும்பின கையோடு அம்மா ப்ளக்கைக் கழற்றிவிடுவார். கடைக்காரர்கள் சோதித்ததும் இவர் சோதித்ததும் கணினியை அடித்து வேலை வாங்கித்தான். ஓய்வுகொடுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

எனக்கு வழி உடனே தெரிந்துவிட்டது. "அப்ப சுகம். நிப்பாட்ட வேண்டாமெண்டு அப்பாவுக்குச் சொல்லிவிடுவம்."

அம்மா துருவலையை விட்டு எழும்பி வந்துவிட்டார். "என்ன கதை கதைக்கிறாய் பிள்ளை? முறிகண்டியிலை நிக்காமப் போகச் சொல்லியோ?"

"நிண்டுதான் போகவேணும்" என்று இவரும் சேர்ந்துகொண்டார். "நாங்கள் வேதக்காரர், நாங்களே நிக்கிறனாங்கள்."

அடுத்த ஞாயிறு பெட்டியின் உள் அமைப்புகளுக்குள் போய், எதையோ தேடிப் படித்தார். ஓய்ந்திருக்கும்போது கணினி தனக்கு வருகிற மின்சாரத்தைத் தானே குறைத்துக்கொள்ளுமாம். அளவுக்கு மிஞ்சிக் குறைத்தால் மயங்கிவிடக்கூடுமாம். குறைக்காதபடி அதை மாற்றினார். பெட்டியைத் தள்ளி வைத்ததில் வயர் எட்டாமல், வேறு சுவரில் இருந்த ப்ளக்கில் கொழுவினார். கொழுவிய பிறகுதான் தலையில் கைவைத்தார். "ரெண்டையும் ஒண்டாச் செய்துபோட்டன். இனி எதாலை சரிவந்தது எண்டு ஒருக்காலும் தெரியவராது." அவர் மனம் நொந்து நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

அந்தக் கணினி இதுவரை நிற்கவில்லை. அமைப்பா, ப்ளக்கா என்று எனக்கும் தெரியாது. ஒருநாள் பழைய ப்ளக்கில் மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். எனக்குத் துணிவில்லை. அவருடைய இலக்கத்துக்கு அடித்தால் இப்போது யாரோ ஒரு பெண் எடுத்து, அப்படி ஒருவரைத் தெரியாது என்கிறார். வெளிநாடு போய்விட்டார் என்று சந்தியில் ஒருவர் சொன்னார், வவுனியாவில் கண்டதாக இன்னொருவர். இருவருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

அமைப்பை மாற்றிய அன்று ஒரு சிக்கல் இருந்தது. முந்திய கிழமை நின்றதிலிருந்து அப்பா கதிரைக்குக் கிட்டப் போகவில்லை. நான் கெஞ்சினேன், அம்மா ஏசினார். தம்பி கனடாவிலிருந்து வீடியோவில் வந்து கும்பிட்டான். அப்பா மடியில் கிடந்த கையைப் பார்த்தபடி இருந்தார். விரல்கள் திரும்பவும் உள்ளே மடங்கிக் கிடந்தன.

இவர் விளையாட்டைப் போட்டுவிட்டு, சாமான்களை எடுத்துப் பைக்குள் வைத்தார். போகப்போகிறார் என்று நினைத்தேன். பையைத் தோளில் கொழுவிக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"ஐயா, யாழ்ப்பாணப் பக்கம்தானே போறியள்? என்னையும் ஏத்திக்கொண்டு போவியளோ?"

அப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி, காலை இழுத்து இழுத்துப் போய்க் கதிரையில் இருந்தார். வலது கையைத் தூக்கி ஸ்ரியரிங்கில் வைத்தார். இவர் இடது பக்க ஸ்ரூலில், பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

நல்ல தூரம் ஓடினார்கள். அப்பா வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒதுக்கி, எஞ்சினை அணைத்துக் கண்ணை மூடினார். இவரும் மூடினார். அம்மா ஈரக்கையோடு வந்து, மழைக்குள் நின்ற அந்தச் செம்மறிகளைப் பார்த்துக் கும்பிட்டார். நான் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கறுக்கப்போகிறது, இப்போது கறுக்கப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா கண்ணைத் திறந்தார். சாலை இருந்தது. ஆடுகளும் இருந்தன. அவர் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எஞ்சினை இயக்கிச் சாலையில் ஏறினார். கொஞ்சத் தூரம் போனதும், முகத்தைத் திருப்பாமல், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, "தம்பி எவடத்திலை இறங்கிறது?" என்று கேட்டார்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொடிகாமம், ஐயா."

முறிகண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில் கிடக்கிற கொடிகாமம்தான் அவருடைய ஊர் என்பதை நாங்கள் அன்றுதான் அறிந்தோம். அப்பா தலையை ஆட்டினார். ஓடிக்கொண்டே இருந்தார். மழை விட்டு, வயல்கள் வந்து, ஒரு சின்ன ஊரும் அதன் சந்தியும் வந்தன. அப்பா வலது கையால் ஸ்ரியரிங்கை வளைத்து, ஓரமாக நிறுத்தி, இவரைத் திரும்பிப் பார்த்துக் காத்திருந்தார். இவர் எழும்பினார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "பெரிய உபகாரம் ஐயா, வாறன்" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய், சுவரோரம் இருந்த சப்பாத்தைப் போடத் தொடங்கினார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி அம்மா பின்னால் ஓடினார். அவர் படியால் இறங்கும்வரை அப்பா லொறியை எடுக்கவில்லை.